வேண்டாம் என்று சொல்ல வைக்கிற வாக்கியம்

பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்த ஆண்டுகளில், விஷன் (தொலைநோக்கு), மிஷன் (செயல்நோக்கம்) எழுதும் குழுக்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியமான என்பிஏயின் அங்கீகாரத்துக்காகத் தயாரிக்கும் சுயமதிப்பீட்டு அறிக்கை அதில்தான் தொடங்கும். கல்லூரிக்கு ஒரு விஷன், ஒவ்வொரு துறைக்கும் ஒரு விஷன். இரண்டும் பொருந்தி வர வேண்டும். யார் யாரைக் கேட்டு எழுதினோம் என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் வகுப்பறை, ஆய்வகம், நூலகம், மாடிப்படித் திருப்பம் என்று எல்லா இடத்திலும் சட்டம் போட்டு மாட்டுவோம். ஆய்வுக் குழு வந்தால் கேட்கும் என்பதால் மாணவர்களும் மனப்பாடம் செய்வார்கள்.

இந்த வேலையில் எனக்கு உண்மையான பிடிப்பு உண்டு. நாற்பது பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், எதற்காகச் சேர்ந்திருக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது பெரிய பலம். ஆனால் 'உலகத் தரம்', 'சமுதாய மேம்பாடு', 'நெறிமுறை', 'புதுமை' என்ற நான்கைந்து சொற்களை இடம் மாற்றி அடுக்கிய பலகைகளுக்கு அந்தப் பலம் இல்லை. பக்கத்துக் கல்லூரியின் பலகையைக் கழற்றி வந்து இங்கே மாட்டினாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தச் சொற்கள் தவறானவை அல்ல. அவற்றை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, எதையும் மறுக்கவும் முடியாது. குறை அங்கேதான் இருக்கிறது.

ஒரு விஷன் நல்ல விஷனா என்று பார்க்க என்னிடம் உள்ள சோதனை ஒன்றே ஒன்று. லாபமோ பெயரோ தரக்கூடிய ஒரு நல்ல வாய்ப்பு வரும்போது, அதைப் பார்த்து 'இது நமக்கு வேண்டாம்' என்று சொல்லும் துணிவை அந்த வாக்கியம் தருகிறதா?

மதுரைக்காரி என்பதால் அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையைத்தான் முதலில் சொல்வேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918இல், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமமான வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இளவயதிலேயே வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. ராணுவ மருத்துவப் பணியையும் விட வேண்டி வந்தது. பிறகு கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து 1976இல் ஓய்வு பெற்றபோது வயது 58. அதே ஆண்டு மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது. இதுதான் அரவிந்தின் நோக்கம். எல்லாப் பார்வையிழப்பையும் ஒழிப்பதாக அவர்கள் சொல்லவில்லை. மருந்தாலும் அறுவையாலும் கண்ணாடியாலும் தடுக்கவோ சரிசெய்யவோ முடிந்த ஒன்றால் யாரும் பார்வையில்லாமல் இருக்கக் கூடாது என்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் பார்வையிழந்தோரில் பெரும்பகுதியினருக்குக் காரணம் கண்புரை. அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும். அதனால் இந்த நோக்கம் பெரியதாக இருக்கும்போதே, கைக்கு எட்டுவதாகவும் இருக்கிறது.

இந்த ஒரு வரி அந்த மருத்துவமனையை என்னவெல்லாம் செய்ய வைத்தது என்று பார்த்தால்தான் விஷன் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். நாட்டில் பல லட்சம் பேர் கண்புரையோடு காத்திருக்கும்போது ஒரு மருத்துவர் நாளுக்கு இரண்டு மூன்று அறுவை செய்தால் கணக்கு ஒருநாளும் தீராது. அதனால் அறுவை நடக்கும் முறையையே மாற்றினார்கள். ஒரு மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலிருந்து அறுவைக்கான ஆயத்தம் வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவர் மட்டுமே செய்ய முடிந்ததை மருத்துவர் செய்தால் போதும். எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பண்டத்தைக் கொடுக்கும் மெக்டொனால்ட்ஸ் முறையைப் பார்த்து டாக்டர் வெங்கடசாமி வியந்து பேசியது பலருக்கும் தெரிந்திருக்கும். பர்கர் கடையில் ஒரு கண் மருத்துவருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எண்ணிக்கையும் தரமும் ஒன்றாக வர வேண்டிய நோக்கம் அவருடையது. அதற்கான பாடத்தை அவர் அங்கே கண்டார்.

அடுத்து வந்தது லென்ஸ். கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்காவிட்டால், தடிமனான சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால்தான் பார்வை தெரியும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த மனிதர் பழைய நிலைக்கே போய்விடுவார். உள்லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்றுக்கு நூறு டாலரை ஒட்டிச் செலவாகும். வசதியுள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குக் கண்ணாடி என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் எடுத்த நோக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. லென்ஸ் செய்வது மருத்துவமனையின் வேலையா என்று யாராவது கேட்டிருந்தால், ஆமாம், அது இல்லாமல் எங்கள் நோக்கம் நிறைவேறாது என்பதுதான் பதில்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. விசாரித்தால் பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருகிறவரின் கூலி நாள் போவது என்று காரணங்கள் வந்தன. சரி, முகாமிலிருந்து வண்டி வைத்து அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவது என்றானது. அப்புறமும் ஓர் ஆய்வில், கண் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதத்தினர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று தெரிந்தது. 'எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்குச் சிறந்த சிகிச்சை' என்பது அவர்களுடைய நோக்கமாக இருந்திருந்தால் அந்த ஆய்வையே யாரும் செய்திருக்க மாட்டார்கள். வராதவர்களைப் பற்றிய கணக்கு அவர்களுக்கு எதற்கு? நோக்கம் ஊரில் இருக்கிற மனிதரைப் பற்றியது என்பதால் அந்த 7 சதவீதம் அவர்களை உறுத்தியது. 2004இலிருந்து சிற்றூர்களில் சிறு கண் மையங்களைத் திறந்து, இணையம் வழியே மருத்துவரிடம் ஆலோசனை கிடைக்கச் செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. தாங்கள் கண்டுபிடித்த முறைகளை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறார்கள். போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தை யாராவது கற்றுக்கொடுப்பார்களா? உலகத்தில் இப்படி ஒரு நிலை வர வேண்டும் என்பது நோக்கமானால், அதை யார் கொண்டுவந்தாலும் நம் வேலைதான் நடக்கிறது.

என் புரிதலில் விஷன் என்பது நம் வேலை நிறைவேறிய பிறகு உலகத்தின் ஒரு பகுதி எப்படி இருக்கும் என்ற படம். அதில் 'நாம்' இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மிஷன் என்பது அந்தப் படத்தை நோக்கி நாம் யாருக்காக, என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பது. இலக்கு என்பது அந்த வழியில் ஒரு தேதியும் ஓர் அளவும் கொண்ட இடம். அரவிந்த் தன் மிஷன் என்று சொல்வதை நான் விஷன் என்பேன். எந்தப் பெயரில் அழைத்தாலும் பாதகமில்லை. எது விஷன் எது மிஷன் என்று குழுக்களில் மணிக்கணக்காக வாதாடும் நேரத்தை, அந்த வாக்கியம் எதைச் செய்யச் சொல்கிறது என்று யோசிப்பதில் செலவிடலாம்.

இலக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்றால் அமெரிக்க அதிபர் கென்னடி 1961 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னது: இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவது. காலம், இடம், நிபந்தனை மூன்றும் அதில் இருக்கின்றன. 1969 ஜூலையில் நிறைவேறியது. ஆனால் அதற்கு அடுத்து எதற்காகச் சந்திரனுக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் விடை இல்லை. திட்டமிட்டிருந்த கடைசி மூன்று அப்பல்லோ பயணங்கள் 1970இலேயே கைவிடப்பட்டன. 1972க்குப் பிறகு அந்த நூற்றாண்டில் யாரும் அங்கே இறங்கவில்லை. இலக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு விஷன் இல்லையென்றால் எட்டியதோடு நின்றுவிடும்.

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கதை இதற்கு எதிர்த் திசையில். மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்ற நான்கையும் தன் விழுமியங்களாக அறிவித்த நிறுவனம் அது. கணக்கு மோசடிகள் வெளியே வந்து 2001 டிசம்பரில் திவாலானது. அந்த நான்கு சொற்களும் எந்த ஒப்பந்தத்தையும் தடுத்து நிறுத்தவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லூரி வேலையை விட்ட பிறகு, கரிசல் காட்டில் மிளகாய் வத்தல் விளைவிக்கும் ஒரு விவசாயிகள் கம்பெனிக்குத் திட்ட அறிக்கை எழுத உதவினேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது அதிகாரப்பூர்வப் பெயர். ஊரில் எல்லாரும் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். உறுப்பினர்களில் பெண்கள் அதிகம். அவர்கள் முதலில் கொடுத்த தாளில் 'விவசாயிகளின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்' என்று இருந்தது. வேறு ஏதோ அறிக்கையிலிருந்து எடுத்தது என்று பார்த்ததும் தெரிந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே.

தாளை ஓரமாக வைத்துவிட்டு, போன வருஷம் வத்தல் களத்திலிருந்து கடைக்குப் போய்ச் சேரும் வரை என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. ஐப்பசியில் விதைப்புச் செலவுக்குக் கையில் காசு இருக்காது. கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவார்கள். வாங்கினால் வத்தலை அந்தக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எல்லார் களத்திலும் ஒரே நேரத்தில் வத்தல் காயும், விலை இறங்கும். இரண்டு மாதம் பொறுத்தால் ஏறும் என்று தெரிந்தாலும் பொறுக்க முடியாது. வீட்டில் அடுக்கி வைத்தால் நிறம் வெளுக்கும், கடனும் நிற்கும், ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணமும் வந்துவிடும்.

"சரி, அஞ்சு வருஷம் கழிச்சு இதே களத்துல என்ன மாறியிருக்கணும்?" என்று கேட்டேன். கிடங்கு என்றார் ஒருவர். லாரி என்றார் இன்னொருவர். அதெல்லாம் கருவிகள். அதுவரை பேசாமல் இருந்த ஒரு மூத்த பெண் சொன்னார்: "வெல இம்புட்டுன்னு நான் சொல்லணும் தாயி. ஒருக்காவாச்சும் நான் சொல்லணும்."

கூட்டம் அதோடு அமைதியாகிவிட்டது. விஷன் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொற்களைச் சரிசெய்யத்தான் பிறகு நேரம் ஆனது. கடைசியில் எழுதியது இதுதான்: 'எங்கள் ஊர்களில் வத்தல் விளைவிக்கும் எவரும், வாங்கிய முன்பணத்துக்காக, அடுத்தவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.' அதன் கீழே மிஷன்: 'சிறு, குறு விவசாயிகளின் வத்தலைத் தரம் பிரித்து, குளிர்பதனக் கிடங்கில் சேர்த்து வைத்து, நல்ல விலைக்கு விற்றுத் தருவது. விற்கும் வரை செலவுக்குப் பணம் கிடைக்க வழி செய்வது.' இலக்கு: மூன்று ஆண்டுக்குள் உறுப்பினர்களில் பாதிப் பேர் கமிஷன் கடை முன்பணம் வாங்காமல் விதைக்க வேண்டும்.

இந்த இலக்கில் விற்பனைத் தொகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் வரவு செலவு இரண்டு மடங்கானாலும், உறுப்பினர்கள் பழையபடி முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அவர்கள் நினைத்தது நடக்கவில்லை என்றுதான் பொருள். எதை அளக்க வேண்டும் என்பதையும் விஷன்தான் சொல்லிக் கொடுக்கிறது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. மிளகாய்த்தூள் அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம், இயந்திரத்துக்கு மானியம் கிடைக்கும் என்று ஒரு யோசனை. கெட்ட யோசனை இல்லை. படம் எடுத்துப் போட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும். இளைஞர்களுக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் மானியம் போக மீதிப் பணத்தைக் கம்பெனி போட வேண்டும், கையில் இருந்ததோ விதைப்புக் காலத்தில் உறுப்பினர்களுக்குக் கொடுப்பதற்கென்று சேர்த்த பணம். கூட்டத்தில் பொருளாளர் அந்த வாக்கியத்தை எழுந்து படித்தார். "டீச்சர், மெஷின் வாங்குனா இந்த ஐப்பசிக்கு யாரு முன்பணம் வாங்காம இருப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல, அவர்களே சொல்லிக்கொண்டார்கள். இயந்திரம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. அந்த முடிவு சரியா என்பதில் இன்னும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் எதற்காக மறுத்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

எழுதும் முறையைப் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலில் வாக்கியத்தை எழுதாதீர்கள். இப்போது நடப்பதை, அதில் வலிக்கிற இடத்தை, அந்த வலி இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பதைப் பேசுங்கள். பேசுகிறவர்களின் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே குறித்து வையுங்கள். யாருடைய வாழ்க்கை மாற வேண்டுமோ அவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். வார்த்தை அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அது இல்லாமலும் போகலாம்.

விஷன் நிறைவேறிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். அமெரிக்காவில் மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற அமைப்புக்கு அது நடந்தது. இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கியது. அவரே அந்த நோயால் கால் இழுத்துப்போனவர். சாமானிய மக்கள் சில்லறைக் காசாக அனுப்பிய பணத்தில் ஆராய்ச்சி நடந்தது. சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி 1955இல் பயன்பாட்டுக்கு வந்தது. மூடிவிடலாமா, தொடரலாமா என்ற நிலையில், 1958இல் பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பதைப் புதிய நோக்கமாக எடுத்துக்கொண்டார்கள். முடிந்துபோன நோக்கத்தை நீட்டித்து வைத்துக்கொள்ளாமல், ஊரறியப் புதிதாக ஒன்றைச் சொன்னது நாணயமான செயல் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் விஷனை மாற்றுகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே உண்மையில் மாறுவது இலக்குதான், பெயரைத்தான் விஷன் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

தனி மனிதருக்கு இதெல்லாம் தேவையா? என் அக்கா மகளும் அதைத்தான் கேட்டாள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"என் கோல் குரூப் டூ, சித்தி. அதுக்கு எதுக்கு விஷனும் மிஷனும்?"

"சரி, பாஸ் ஆயிட்டேன்னு வச்சுக்கோ. ஆபீஸ் போறே. என்ன செஞ்சா உனக்கு அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வரும்?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எதிர்வீட்டு ஆச்சியைப் பற்றிச் சொன்னாள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஆச்சியை இவள்தான் அழைத்துப் போனாள். ஒரு நாள் ஒரு சான்று இல்லை என்றார்கள், இன்னொரு நாள் அதிகாரி இல்லை என்றார்கள். "எல்லாத்தையும் முதல் நாளே சொல்லியிருந்தா ஒரே தடவைல முடிஞ்சிருக்கும், சித்தி. அந்த ஆச்சி ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கடன் வாங்குச்சு."

அதையே எழுதச் சொன்னேன். 'எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே தடவை வந்து வேலையை முடித்துக்கொண்டு போகிற அரசு அலுவலகம்.' இதை எழுதியதும் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, இதற்கு குரூப் டூ மட்டுமே வழி இல்லை. குரூப் ஃபோர் எழுதிக் கிராம நிர்வாக அலுவலரானாலும் இதே வேலைதான், இன்னும் பக்கத்திலிருந்து செய்யலாம். குரூப் ஃபோர் தன் தகுதிக்குக் குறைவு என்று அதுவரை விண்ணப்பிக்காமல் இருந்தாள். இரண்டாவது, மிஷனைத் தொடங்க நியமன ஆணை வர வேண்டியதில்லை. தெருவில் யாருக்காவது இ-சேவை விண்ணப்பம் போட வேண்டுமென்றால், என்னென்ன தாள்கள் வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அது அவளுடைய படிப்புக்கும் உதவுகிறது. நிர்வாகம் பற்றிப் புத்தகத்தில் படிக்கும்போது ஆட்களின் முகம் நினைவுக்கு வருகிறதாம்.

வங்கித் தேர்வுதான் வீட்டில் சண்டையானது. அக்கா வீட்டுக்காரர் அதையும் எழுதச் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, அவளுக்குக் கீழே ஒரு தம்பி. விஷன் மாதத் தவணையைக் கட்டாது. இந்த இடத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: குடும்பத்துக்கு அரிசி வாங்க வேண்டிய நிலையில் இருக்கிற பிள்ளையிடம் 'உன் கனவைத் துரத்து' என்று மட்டும் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. அதனால் தாளில் விஷனுக்குக் கீழே ஒரு காலக்கெடுவையும் எழுதச் சொன்னேன். எதுவரை அரசுத் தேர்வுக்கு மட்டும் படிப்பது, அதுவரை வீட்டுச் செலவுக்கு அவள் பங்கு என்ன, அந்தத் தேதி தாண்டினால் என்ன வேலைக்குப் போவது என்று எல்லாம் அதில் இருந்தது. மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து மாதம் ஒரு தொகை தருவதாக அவளே எழுதினாள். அப்பாவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, காலக்கெடுவை ஆறு மாதம் குறைக்கச் சொன்னார். அவள் நான்கு மாதம் குறைத்தாள். வங்கித் தேர்வுக்கான பேச்சு அதோடு நின்றது.